கூடம் கோணல்

சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்க்கலாம், கூட்டினால் திருப்பத்தில் கவிழும், கவிழாமலிருக்க எடையைக் கூட்ட வேண்டும், எடையைக் கூட்டினால் கரி அதிகமாகத் தின்னும், கரி தின்கிற வண்டியை எவனும் எடுக்க மாட்டான், எடுக்க வைக்க விலையைக் குறைக்க வேண்டும், குறைத்தால் ஆளாளுக்கு வாங்கி வரிசையாக நிறுத்திவிடுவார்கள், ஆகவே வேகத்தைத் தொடாதே தமயந்தி, தொட்டால் சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நிற்பாய். இதே நாற்காலி, இதே திரை, தயிர்சாதம் இமையில் ஏறி உட்கார்ந்திருக்கிற இதே மத்தியானம். ஏசி தலைக்கு நேர் மேலே ஓடுகிறது. துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் வேர்க்கிறது, எடுத்தால் குளிர்கிறது. இதையே ஈடுகட்ட முடியவில்லை, நான் ஒரு உலகத்தை ஈடுகட்ட வந்திருக்கிறேன். சாயங்கால டீ வருவதற்குள் ஜெரோம் வந்து நிற்பான், முடிவாயிற்றா என்று. வீட்டுக்குப் போனால் என் புருஷன் கனகராஜ் அதையே கேட்பார். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதாதா. வேகத்தை அழித்துவிட்டுப் பழைய வேகத்தையே மறுபடி போட்டேன்.

விளையாட்டின் பெயர் கொதிகலன். பெட்ரோல் என்ற ஒன்றே வராத உலகம், எல்லாம் நீராவியில் ஓடுகிறது, பித்தளைக் குழாயும் புகைபோக்கியுமாக இரண்டு படைகள், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் படையை இன்னொருவர் படை அடித்து நொறுக்க வேண்டும். வண்டிகள் நாலு விதமாக நகரும். சக்கரத்தில் ஓடுவது, பொக்லைன் மாதிரி செயினில் ஊர்வது, நண்டு மாதிரி கால் வைத்து நடப்பது, பலூனில் மிதப்பது. எதன் மேல் எந்த ஆயுதத்தையும் ஏற்றலாம், நீராவிப் பீரங்கி, தீக்குழாய், கொக்கி ஈட்டி. எந்த வண்டியும் எந்த ஆயுதமும் மற்றதை ஒரேயடியாகத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை நாத்தனாரிடம் விளக்கமாகச் சொன்னேன், விளையாடறதுக்கா சம்பளம் தர்றாங்க என்றாள், அன்றோடு விளக்குவதை விட்டுவிட்டேன். விளையாடி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது. நான் பார்ப்பதெல்லாம் யார் தோற்றார்கள் என்பது மட்டும்தான். நாலு மாதமாக நண்டு ஜெயிக்கிறது, சக்கரம் தோற்கிறது. நண்டின் தோலை மெலிசாக்கினேன், ஜெயித்தது. நடையை மெதுவாக்கினேன், ஜெயித்தது. காலைச் சிக்கவைக்கட்டும் என்று கொக்கி ஈட்டிக்குக் கூடுதல் பலம் கொடுத்தேன், அந்த ஈட்டியையும் நண்டின் முதுகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். சக்கரத்துக்குத் தீக்குழாயின் சூட்டைக் கூட்டினேன். கிட்டே போனால்தானே சுடும், போவதற்குள் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டு புகைவிட்டபடி நிற்கிறது, மேலேயிருந்து நண்டு பீரங்கியால் அடிக்கிறது, முடிந்தது கதை. கழுதைக்கு உபதேசம் காதில் ஓதினால் கத்துகிற குரலைத் தவிர வேறு குரல் வராது என்பார்கள், என் சக்கரமும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது. சோதனை அறையில் நாள் பூராவும் ஆடிப்பார்க்கிற பிள்ளைகள் சக்கரத்தைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்திக்கறேன் புள்ள. காலையில் கனகராஜ் அப்படித்தான் சொன்னார், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. எதை என்று நான் கேட்டேன், தெரிந்துகொண்டே. நடக்கறதை என்றார். "இந்தக் கக்கத்துக் கட்டையெல்லாம் போதும். சக்கர நாற்காலியிலயே இருந்துக்கறேன். கம்பெனியில மறுபடி வேலைக்குக் கூப்படறாங்க, எத்தனை நாளைக்குக் காத்திருப்பாங்க? இப்பச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் வந்து சொல்லு, உனக்குச் சம்மதமான்னு." சம்மதமா என்றல்லவா கேட்டுவிட்டார். நிறுத்திவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம். நான் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன், கழுவும் தொட்டியில் வைத்தேன், குழாயைத் திறந்தேன், பஸ் போயிருமுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாசலில் மூன்று படி. முதல் படி முழங்கால் உயரம். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துகொண்டே போகிறது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்று வீட்டுக்கார அம்மா தளத்தைத் தூக்கிக் கட்டி, கருங்கல் படி போட்டு, அதற்குப் பக்கவாட்டில் பார்டரும் இழைத்து வைத்திருக்கிறார். அந்தப் படியில் இறங்கும்போது ஏதோ தப்பித்தவள் மாதிரி இறங்கினேன். போன ஐப்பசி மழையில் பைக் சறுக்கி அவர் முதுகு அடிபட்டதிலிருந்து அவர் அந்தப் படியைத் தாண்டியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி. தூக்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். தெருவில் நிற்கிற ஸ்கூட்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டே போவார்.

ஆறு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான். அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றி, நாற்காலியை மடக்கி, கதவுக்குப் பின்னால் தள்ளி, அதன் மேல் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடிவிடுவேன். யாராவது வந்தால் கண்ணில் படக்கூடாது. பிறகு கக்கத்துக் கட்டைகளை எடுத்துக் கொடுப்பேன். கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை. ஃப்ரிட்ஜைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அது நான் வைத்த விதி. கட்டையின் ரப்பர் நுனி டைல்ஸில் ஒவ்வொரு தடவையும் கீச்சென்று இழுக்கும், அந்தச் சத்தம் இப்போது பஸ்ஸில் கேட்கிறது, ஆபீஸில் நாற்காலி நகர்ந்தால் கேட்கிறது. நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நடப்பேன், தொடாமல். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நல்லா வந்துட்டீங்க, நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ பரவால்லீங்க என்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு மண்ணும் வித்தியாசம் இல்லை, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஃப்ரிட்ஜுக்கும் தெரியும். கடைசியாகப் போனபோது டாக்டர் இரண்டு வார்த்தை சொன்னார். இதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்க என்றார், முயற்சியை விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். கனகராஜ் முதல் வார்த்தையை எடுத்துக்கொண்டார், நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன், இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில்தான் திரும்பி வந்தோம். அவர் எழுந்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டும். நின்றால் என்னைவிட ஒரு சாண் உயரம். தலையைத் தூக்கித்தான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும் என்றால் நான் எப்பேர்ப்பட்டவள். ஆனால் வேண்டும்.

"என்னங்க தமயந்தி, தூங்குதீங்களா?" ஜெரோம். கம்பெனி அவனுடையது, என்னைவிடச் சின்னவன், பாளையங்கோட்டைக்காரன், கையில் எப்போதும் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு இருக்கும், எடை குறைக்கிறானாம். இல்லை, கண்ணெரிச்சல் என்றேன். திரையில் சிவப்பாகக் கிடக்கிற சக்கரத்தின் தோல்விகளை அவன் குனிந்து பார்த்தான், வெள்ளரிக்காய் வாசம் மூக்கில் ஏறியது. "நான் ஒண்ணு சொல்லுதேன். சக்கரத்தைத் தூக்கிருவோம். யாரும் எடுக்கதில்ல, நாலு மாசமா நீங்களும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டீங்க. மூணு வகை இருந்தா போதும். விளையாட்டை வெளியிடுறவங்க நாளைக்குப் பாக்காங்க, அசிங்கமா ஒரு வண்டி மாட்டிக்கிட்டு நிக்கறதுக்கு இல்லாமலே இருக்கட்டும்." எனக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் இளகியது. தூக்கிவிடலாம். அழித்துவிட்டால் ஈடுகட்ட வேண்டியதே இல்லை, சீக்கிரம் கிளம்பலாம், உட்கார இடம் கிடைக்கிற பஸ் கிடைக்கும். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன் ஜெரோம் என்று வந்தது. ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை, அவன் கடித்துக்கொண்டே போய்விட்டான்.

ஆடுபுலி ஆட்டத்தை யார் ஈடுகட்டியிருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, புலி தாவும், ஆடு தாவாது, ஆனாலும் ஆடு கூடி நின்றால் புலிக்கு வழியில்லை, எவனோ ஒருவன் கோவில் கல்லில் உட்கார்ந்து கோடு கிழித்தான், அவனுக்கு ஜெரோம் இல்லை, நாளைக்குப் பார்க்க வருகிறவர்கள் இல்லை. கோடு. அவன் ஆட்டையும் புலியையும் மாற்றவில்லை, கோட்டைத்தான் சரியாகக் கிழித்தான் என்று ஒரு நினைப்பு வந்து, நிற்காமல் போய்விட்டது, தூக்கம் வரும்போது வருகிற நினைப்பெல்லாம் அப்படித்தான். கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றாரே. மோட்டார் பம்ப் கம்பெனி, அவர் அங்கே தரம் பார்க்கிறவர், ஒவ்வொரு பம்பையும் தண்ணீரில் ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, பாஸ் என்று சாக்பீஸில் கோடு போடுகிறவர். போன வாரம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், "பம்பு வைக்கற தள்ளுவண்டி போறதுக்கு அங்க எல்லா எடத்துலயும் சரிவு போட்டிருக்குது புள்ள. பம்பு போற வழியில நான் போயிட்டு வரமாட்டேனா?" நான் ரசம் ஊற்றினேன். மொதல்ல நல்லா நடந்து பழகுங்க, அப்புறம் ராஜாவாட்டம் போலாமுங்க என்றேன். ராஜாவாட்டம். எங்கிருந்து இந்த வார்த்தையெல்லாம் வருகிறது எனக்கு. அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே பிசைந்தார். சம்மதம் என்று நான் சொன்னால் அதற்கப்புறம் அவர் நிற்கவே மாட்டார். நாலு பேர் வருவார்கள், ஐயோ பாவம் என்பார்கள், போர்வைக்கு வேலை இருக்காது. சம்மதமில்லை என்றால் இன்றைக்கும் கீச், நாளைக்கும் கீச், ஒரு நாள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் விழுவார். விழுகிற சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை, ஆனால் தூக்கத்தில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். எது சொன்னாலும் தோற்பது போலத்தான் இருக்கிறது, எனக்குச் சலித்துவிட்டது, யாராவது வந்து என் இடத்தில் உட்கார்ந்து இந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் தேவலை.

அழிப்பதானால் ஒருதரமாவது அதைப் பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று எழுந்தேன். சாகிறவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றுவதில்லையா. சோதனை அறையில் எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு தலையும் நிமிரவில்லை. நிரல் எழுதுகிற ஷிரின் மூலையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். எந்தத் திரையைப் பார்த்தாலும் மேட்டுக்களம் என்ற ஒரே சண்டைக்களம், அதே சாம்பல் நிறப் பாறை, அதே குறுகலான ஏற்றம், உச்சியில் நண்டு. பக்கத்துத் திரையிலும் அதே பாறை. அதற்கடுத்ததிலும். நான் இந்த அறைக்குள் வந்தே வெகுநாள் ஆகிறது, முடிவுகள் என் மேஜைக்கே வந்துவிடும், யார் ஜெயித்தது, எந்த வண்டி, எந்த ஆயுதம். எங்கே என்று அதில் வராது. வரவேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை. "ஷிரின், இன்னைக்கு எல்லாரும் மேட்டுக்களத்துலயா ஆடறாங்க?" என்றேன். அவள் சுண்டலை மென்று முடித்துவிட்டுத்தான் சொன்னாள். "எப்பவும் அதுதானேக்கா. அதுதான் சின்னது, பட்டுனு திறந்துக்கும், ஆட்டமும் சீக்கிரம் முடிஞ்சுரும். ஒரு நாளைக்கு இத்தனை ஆட்டம் முடிக்கணும்னு ஜெரோம் சொல்லியிருக்காப்லல்ல? மத்த களத்தை எவன் திறப்பான், உப்பளம் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம்." நாலு மாசமாவா என்றேன். அவள் யோசித்தாள். "ஆமாக்கா. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். ஏன்?"

ஏனா. உப்பளம் என்று ஒரு களம் வரைந்து வைத்திருக்கிறோம், வெள்ளையாக, கண்ணுக்கெட்டிய வரை தட்டையாக. மில் ரோடு என்று ஒன்று, குறுக்கே அகழி ஓட. ஆற்றோரம் என்று ஒன்று, சேறும் நாணலுமாக. ஒருவரும் அங்கே போனதே இல்லை. நாலு மாதமாக ஒரே பாறையில் சக்கரத்தை ஏறச் சொல்லிவிட்டு, ஏறவில்லை, ஏறவில்லை என்று வேகத்தைக் கூட்டி, எடையைக் கூட்டி, தீயைக் கூட்டி, கடைசியில் உனக்குத் துப்பில்லை என்று தூக்கி எறிய இருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன், சுவர் ஏசியில் சில்லென்று இருந்தது. கட்டிலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை. அந்த நினைப்பு வராதே என்றால் நிற்குமா, வந்துவிட்டது, வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டது. மூன்று படி, கருங்கல், முதல் படி முழங்கால் உயரம். நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூட அந்தப் படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், அதை ஜெரோம் மேல் காட்டுவது சுலபமாக இருந்தது. நேரே போய்ச் சக்கரத்துல குறையில்ல ஜெரோம், தரையிலதான் என்றேன். அவன் முழுக்கக் கேட்டான், கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையால்லா இருக்கு." கூடம் நிசமாவே கோணலா இருந்தா என்ன பண்ணுவா, ஜெரோம் என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. அவன் வெள்ளரிக்காயைக் கீழே வைத்தான். டீ வருகிற வரைக்கும் நேரம் தருகிறேன், நிரூபியுங்கள் என்றான்.

ஆட்கள் ஆடி முடிக்க நேரமில்லை, கணினியும் கணினியும் மோதிக்கொள்ளட்டும் என்று ஷிரின் மற்ற களங்களைத் திறந்துவிட்டாள். உப்பளம் உண்மையிலேயே மெதுவாகத்தான் திறந்தது. திறந்ததும் நான் கூட்டிக் கூட்டி வைத்திருந்த சக்கரங்கள் புறப்பட்டதைப் பார்க்க வேண்டுமே, நண்டுகள் காலை எடுத்து வைப்பதற்குள் போய்ச் சேர்ந்து, தீக்குழாயால் அத்தனையையும் வறுத்துவிட்டன. பாவம் நண்டு, அதை நான் தோலுரித்து வைத்திருந்தேன் அல்லவா. ஆற்றோரத்தில் நண்டின் மெல்லிய கால்கள் சேற்றில் இறங்கி மாட்டிக்கொள்ள, யாருமே மதிக்காத செயின் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய் ஜெயித்தது. ஷிரினிடம் ஆரம்பத்தில் போட்ட பழைய அளவுகளைக் கொண்டு வரச் சொன்னேன், நான் கையே வைப்பதற்கு முன்னால் இருந்தவை. அதை வைத்து மறுபடி மோதவிட்டோம். உப்பளத்தில் சக்கரம் கொஞ்சம் முந்தியது, பாறையில் நண்டு முந்தியது, சேற்றில் செயின், அகழிக்கு மேல் பலூன். அதது அதனதன் இடத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நாலு மாதம். நாலு மாதச் சாயங்காலங்கள். ஜெரோம் பின்னால் வந்து நின்று பார்த்தான். "சரி, அதெல்லாம் ஒத்துக்கிடுதேன். ஆனா மேட்டுக்களத்துல சக்கரம் இப்பவும் ஒண்ணும் பண்ண முடியாம நிக்கே. அந்தக் களத்துல சக்கரத்தை வச்சிருக்கறவன் ஆடவே முடியாதே." அதுவும் நியாயம்தான். எல்லாம் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பாறை இளகிவிடாது. அவன் நியாயம் பேசும்போதுதான் எனக்கு அவன் மேல் அதிகமாகச் சலிப்பு வருகிறது. "ஒரு சரிவு வைக்கலாம்" என்றேன். "பாறைக்குப் பின்பக்கமா சுத்திக்கிட்டு ஏறற மாதிரி. நண்டு குறுக்க ஏறட்டும், சக்கரம் சுத்தி வரட்டும். நேரம் கூட ஆகும், ஆகட்டும். ஏற முடியணும், அவ்வளவுதான்." ஷிரின் மவுஸை அழுத்தித் தரையைப் பிடித்து இழுத்தாள். பாறையின் பின்பக்கம் மாவு போல நீண்டு, படிந்து, ஒரு பாதையாயிற்று. இவ்வளவுதானாக்கா என்று கேட்டாள். ஒரு சக்கர வண்டி புகைவிட்டுக்கொண்டு, அவசரமில்லாமல், சுற்றிச் சுற்றி உச்சிக்குப் போய் நின்றது. இவ்வளவுதான் போலிருக்கிறது என்றேன். ஜெரோம் டீ சொல்லப் போனான்.

டீ வந்தது, குடிக்கவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் போய் நின்றேன், கீழே சரவணம்பட்டி ரோட்டில் வண்டிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வாசலில் சரிவு போட வீட்டுக்கார அம்மா சம்மதிக்க மாட்டார். கருங்கல்லை இடிக்கவா என்பார், வாடகைக்கு இருக்கறவங்க அடக்கமா இருக்கோணும் என்பார். இடிக்க வேண்டாம், பக்கத்தில் சேர்த்துப் போட்டுக்கொள்கிறோம் என்று கெஞ்ச வேண்டும். பார்டர் மறையும் என்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வீடு தேட வேண்டும். தரை மட்டத்தில் கோயமுத்தூரில் எவன் வீடு கட்டி வைத்திருக்கிறான். வீடு கிடைத்தாலும் அந்தத் தெருவில் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும். ரோடு நன்றாக இருந்தால் பஸ் ஏற முடியாது. ஒன்றைத் தொட்டால் ஒன்று, இது தீராது, நான் சாகிற வரைக்கும் எதையாவது ஈடுகட்டிக்கொண்டேதான் இருக்கப் போகிறேன். அவர் இனிமேல் நிற்க மாட்டார் என்பது ஒரு ஓரத்தில் அப்படியே இருக்கிறது, எந்தச் சரிவு போட்டாலும் அது சரியாகாது, அந்த ஒரு சாண் உயரம் எனக்குப் போனது போனதுதான். போனை எடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்தான், ஆனால் வீட்டுக்குப் போனால் கை தானாகவே போர்வையைத் தேடும், என் கையை எனக்குத் தெரியும். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு எடுத்தார்.

"சொல்லு புள்ள" என்றார். என்ன பண்றீங்க என்றேன். "நாற்காலியில உக்காந்திருக்கேன். வேறென்ன." அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றும். ஏனுங்க, வாசல்ல படி இருக்குதல்லங்க என்று ஆரம்பித்தேன். எந்தப் படி என்றார். "நம்ம வாசப்படிதானுங்க. அதுக்குப் பக்கத்துல சரிவு போடலாமுங்க, நாற்காலி ஏறி எறங்கற மாதிரி. வீட்டுக்கார அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஒத்துக்கலீன்னா வேற வீடு பாத்துக்கலாம். கம்பெனியில வரேன்னு சொல்லிருங்க." சம்மதம் என்ற வார்த்தையைச் சொல்லத்தான் போன் போட்டேன், அது வரவே இல்லை, இதுதான் வந்தது. கேக்குதுங்களா என்றேன். கேக்குது என்றார். மறுபடியும் மின்விசிறி. அவர் அழுகிறாரோ என்று பயந்தேன், கோபித்துக்கொண்டாரோ, இவள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாரோ என்று எல்லாம் ஒரு நொடிக்குள் ஓடியது. பிறகு அவர் கேட்டார், மெதுவாக, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்கிற குரலில்.

"அப்ப இன்னிக்கு நடக்க வேண்டாமில்ல?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை சாயங்காலமும் அவர் எனக்காகத்தான் நடந்திருக்கிறார். "வேண்டாமுங்க" என்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது கேட்டது.